காற்று மாசு இரத்த அழுத்தத்தைக் கூட்டுமா?

கேள்வி:
சில ஆண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரை எடுத்து வருகிறேன். புகைமூட்டம் மிகுந்த நாள்களில் வீட்டுக் கருவி சற்றுக் கூடுதலாகவே காட்டுகிறது. மாசு நுரையீரலைக் கெடுக்கும் என்பது புரிகிறது. இதயம் வரை எப்படி எட்டுகிறது?

பதில் 1:
2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள்கள் மூக்கிலோ தொண்டையிலோ தங்காமல் நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை சென்றுவிடுகின்றன. அங்கே அவை பரிவு நரம்புகளை (உடலைப் பரபரப்பு நிலைக்குக் கொண்டுவரும் நரம்புகளை) தூண்டுவதால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, சில மணி நேரத்திலேயே அழுத்தம் சிறிது உயரக்கூடும். ஆனால் என்னைக் கவலைப்படுத்துவது மெதுவாக நடக்கும் மற்றொன்று: நாள்பட்ட அழற்சியால் குழாய்களின் உட்சுவர் தளர்ந்து விரியும் திறனை இழக்கிறது, தமனிகளில் கொழுப்புப் படிவு வளர்கிறது, இரத்தம் உறையும் போக்கும் கூடுகிறது, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி இதுவே.

பதில் 2:
உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் இத்துகள்களுக்கான ஆண்டுச் சராசரி வரம்பைக் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. மாசு மிகுந்த நாளில் சாலையோர நடைப்பயிற்சியைத் தவிர்க்கலாம். வெளியே போகத்தான் வேண்டுமென்றால் முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம் உதவும். துணிக் கவசம் பெரும்பாலும் மன ஆறுதலுக்குத்தான்.

பதில் 3:
எல்லாவற்றையும் புகையின் தலையில் கட்டிவிட வேண்டாம். போக்குவரத்து இரைச்சலும் தூக்கக் குறைவும்கூட அழுத்தத்தை ஏற்றும். ஐந்து நிமிடம் அமர்ந்து ஓய்வெடுத்து, கையை இதய மட்டத்தில் வைத்து அளந்து, தேதியுடன் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.