புதுப்பிப்பு: நிலாவெளி வீதியில் அணைந்துபோன பிக்கப்

திருகோணமலை அருகே கடலோர நிலாவெளி வீதியில் ஓடும்போதே என் டீசல் பிக்கப்பின் விளக்கு, மீட்டர், எஞ்சின் எல்லாம் ஒரே நொடியில் அணைந்து, சற்று நேரத்தில் தானாகவே உயிர்பெற்றதை முன்பு எழுதியிருந்தேன். பலர் ஆல்டர்னேட்டரை, அதாவது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியை ஏற்றும் கருவியை, சந்தேகித்தீர்கள். அது பழுதானால் விளக்கு மெல்ல மங்கித்தான் அணையும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் சரியான அளவான 14.2 வோல்ட் வந்ததால், அதில் பழுதில்லை என்று விட்டுவிட்டோம்.

பிடிபட்டது பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஃபியூஸ் பெட்டிக்குப் போகும் பிரதான வயர். விளக்கு எதையும் போடாமல் அளந்தால் பெட்டியிலும் பேட்டரியின் முழு 12.6 வோல்ட். முன்விளக்கைப் போட்டு வயரை அசைத்ததும் 4 வோல்ட்டுக்கு விழுந்தது! மின்சாரம் ஓடாதபோது வயரில் மிஞ்சிய ஒற்றை இழைகூட முழு வோல்ட்டைக் காட்டிவிடும். அதனால் விளக்கைப் போட்டே அளந்து பாருங்கள்.

உறையைக் கீறியபோது பச்சைப் பொடி கொட்டியது. உள்ளே செம்பு இழைகள் கறுத்து, நாலைந்துதான் மிஞ்சியிருந்தன. கடற்காற்று வெளியே தடயமே இல்லாமல் அரித்திருக்கிறது. அதே தடிப்பில் புது வயர் போட்டு, முனைகளுக்குக் கிரீஸ் பூசினோம். புல்மோட்டைவரை இரவில் ஓட்டியும் சிக்கலில்லை. அடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் வயரையும் பிரித்துப் பார்க்கப்போகிறேன்.