டிஸ்னி வேர்ல்டு: பத்து மாசம் கையில இருக்கு, எதை முதல்ல முடிக்கணும்?

வாசல்_கோலம்:
எல்லாருக்கும் வணக்கம். வர்ற அக்டோபர் முதல் வாரம் ஃப்ளோரிடாவில இருக்கிற வால்ட் டிஸ்னி வேர்ல்டு போகலாம்னு இருக்கோம். நாங்க ரெண்டு பேர், மகள் (இப்ப ஆறரை வயசு, உயரம் 116 செ.மீ.), மகன் (அக்டோபர் 10 அன்னைக்கு 3 வயசு முடியும்), கூட மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி, அரை மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து நடக்க முடியாது.

படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுது. ஒரு இடத்துல பார்க்குக்கு முன்பதிவு கட்டாயம்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல வேண்டாம்னு இருக்கு. ஏர்போர்ட்ல இருந்து இலவச பஸ் உண்டுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். டிக்கெட்டை இப்பவே வாங்கிடலாமா? ஹோட்டல் உள்ளேயா வெளியேயா? வேலைகளை எந்த வரிசையில செய்யணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தேர்வடம்:
முதல்ல பழைய தகவலை எல்லாம் ஒதுக்கிடலாம். ஏர்போர்ட் இலவச பஸ் 2022 ஜனவரியோட நின்னுபோச்சு. தேதி குறிச்ச டிக்கெட்டுக்குத் தனியா பார்க் முன்பதிவு வேணும்ங்கிற விதி 2024 ஜனவரி 9ல இருந்து இல்லை. ஃபாஸ்ட்பாஸ்னு எழுதியிருந்தா அந்தப் பக்கத்தையே மூடிடுங்க, அது இப்ப லைட்னிங் லேன் (காசு கட்டி நேரம் பதிஞ்சுட்டு, நீண்ட வரிசையில நிக்காம போற வழி). அதுலயும் இன்னைக்கு இருக்கிற முறை 2024 ஜூலையில வந்தது, அதுக்கு முந்தைய குறிப்பு எதுவும் உதவாது.

டிக்கெட்டை இப்ப வாங்காதீங்க. விசா தேவைப்படுறவங்களா இருந்தா அதுதான் முதல் வேலை, அது கைக்கு வர்ற வரைக்கும் திரும்பக் கிடைக்காத பணம் எதையும் கட்ட வேண்டாம். அடுத்து தேதி. உங்க மகனுக்கு 3 வயசு முடியுறதுக்குள்ள போயிட்டு வந்துட்டா அவனுக்குப் பார்க் டிக்கெட்டே கிடையாது. 3ல இருந்து 9 வரை குழந்தை டிக்கெட், 10 ஆயிட்டா பெரியவங்க கணக்கு. அக்டோபர் ரெண்டாவது திங்கள் அமெரிக்காவில விடுமுறை, அதை ஒட்டிய சனி ஞாயிறுல கூட்டம் ஏறும். அதனால அக்டோபர் 3 வந்து 8 கிளம்புறது எல்லாக் கணக்குக்கும் சரியா உட்காருது. ஒண்ணு மட்டும் நினைவுல இருக்கட்டும்: விமானத்துல மடியில வெச்சுக்கிட்டுப் போறது 2 வயசு வரைக்கும்தான். அவனுக்குத் தனி சீட் போடணும்.

ஹோட்டலை டிக்கெட்டுக்கு முன்னாடி முடிவு பண்ணுங்க. மத்த தேதிகள் எல்லாம் அதைப் பிடிச்சுத்தான் நகரும். டிஸ்னி ஹோட்டல்ல தங்கினா லைட்னிங் லேனை, நீங்க வந்து இறங்கும் நாளுக்கு 7 நாள் முன்னாடி, தங்குற எல்லா நாளுக்கும் சேர்த்து ஒரே மூச்சுல பதியலாம். வெளியே தங்கினா ஒவ்வொரு பார்க் நாளுக்கும் 3 நாள் முன்னாடி தனித்தனியா. மூணு நாள் முன்னாடி நீங்க உள்ளே வரும்போது நல்ல நேரங்களை 7 நாள்காரங்க எடுத்துட்டுப் போயிருப்பாங்க. போக, டிஸ்னி ஹோட்டல்காரங்களுக்கு நாலு பார்க்லயும் (மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம்) தினமும் அரை மணி நேரம் முன்னாடியே நுழைவு. சின்னக் குழந்தையோட போறவங்களுக்கு அந்த அரை மணி பெரிய விஷயம்.

உங்க தேதிக்குக் கணக்கு இப்படி வரும்:

ஆகஸ்ட் 4: மேசையில உட்கார்ந்து சாப்பிடுற உணவகங்களுக்கு முன்பதிவு திறக்கும் (60 நாள்). டிஸ்னி ஹோட்டல்னா அன்னைக்கே தங்குற எல்லா நாளுக்கும் போட்டுடலாம். இணையத்துல திறக்குறது ஃப்ளோரிடா நேரம் காலை 6 மணி.

செப்டம்பர் 26: லைட்னிங் லேன், ஃப்ளோரிடா காலை 7 மணி. அப்ப அங்கே கோடைக்கால நேரம் நடப்புல இருக்கும், அதனால இந்திய நேரம் மாலை 4:30, சிங்கப்பூர்ல இரவு 7. நவம்பர் முதல் ஞாயிறுக்கு அப்புறம் போறவங்களுக்கு இதுல ஒரு மணி நேரம் தள்ளும்.

பலரும் கோட்டை விடுறது இந்த ரெண்டு நாள்லதான். அன்னைக்குக் காலையில செயலியைத் திறந்து, குடும்பத்துல ஒருத்தர் பேர் இணைக்காம இருக்கு, கார்டு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறக்கலைன்னு தடுமாறுவாங்க. மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் செயலியில எல்லாருடைய பேரும் டிக்கெட்டும் ஒரே கணக்குல இணைஞ்சிருக்கணும். ஒரு மாசம் முன்னாடியே கார்டை உள்ளே சேர்த்து வெச்சிடுங்க.

டிக்கெட்: 4 நாள் டிக்கெட் எடுத்தா அது தொடங்குற தேதியில இருந்து 7 நாள் செல்லும். அதனால நடுவுல ஒரு ஓய்வு நாள் விடலாம், அத்தைக்காகக் கட்டாயம் விடுங்க. ஒரே நாள்ல பார்க் மாறுற ஹாப்பர் உங்களுக்குத் தேவையில்லை.

நாலாம்படி:
பார்க் எது எந்த நாள்னு வரிசை போடுறதுக்கு முன்னாடி பிள்ளைங்க உயரத்தை எழுதி வைங்க. இந்த வயசுல ஒரு குழந்தை வருஷத்துக்கு 5ல இருந்து 6 செ.மீ. வளரும். 116ல இருக்கிற மகள் அக்டோபர்ல சுமார் 121 இருப்பா. மேஜிக் கிங்டம்ல ட்ரான் ரைடுக்கு 122 வேணும். ஒரே ஒரு செ.மீ.! நுழைவாயில்ல அளவுகோல் நிக்கும், அதுக்கு அடியில நேரா நிக்க வெச்சுப் பார்ப்பாங்க. செருப்பு ஷூவோடதான் அளக்குறாங்க, அதனால வழக்கமா போடுற ஷூவோட தப்பிச்சுடலாம், தப்பிக்காமலும் போகலாம். உள்ளே அட்டை வெச்சு உயரம் ஏத்துற வேலை வேண்டவே வேண்டாம். அந்த உயரம் ரைடோட பாதுகாப்புப் பிடிகள் பொருந்துறதுக்காக வெச்சது. செப்டம்பர் 20 வாக்குல அந்த ஷூவோட சுவர்ல ஒரு கோடு போட்டு அளந்துட்டு, 122க்குக் குறைஞ்சா ட்ரானுக்குக் காசு கட்டாதீங்க, அவகிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க. ரைடு வாசல்ல வெச்சுச் சொன்னா அந்த நாளே போயிடும்.

மத்தபடி அவளுக்கு ஏறக்குறைய எல்லாமே திறந்திருக்கு: ஸ்பேஸ் மவுண்டன், ஃப்ளைட் ஆஃப் பேசேஜ், எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் மூணும் 112, எப்காட்ல கார்டியன்ஸ் 107, டவர் ஆஃப் டெரர், ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் 102. உயரம் போதும்ங்கிறதுக்காக டவர் ஆஃப் டெரர்ல ஏத்தணும்னு இல்லை, அது இருட்டுல லிஃப்ட் அறுந்து விழற மாதிரி விழும்.

மகன் அக்டோபர்ல 94, 95 இருப்பான்னு வெச்சுக்கலாம். ஸ்லிங்க்கி டாக் டாஷுக்கும் செவன் ட்வார்ஃப்ஸ் மைன் டிரெய்னுக்கும் 97 வேணும், கிடைக்காது. பார்ன்ஸ்டார்மர் 89, ஏலியன் ஸ்விர்லிங் சாசர்ஸ் 81, இது ரெண்டும் உண்டு. உயரக் கட்டுப்பாடே இல்லாததும் நிறைய இருக்கு: டம்போ, பீட்டர் பேன், ஃப்ரோஸன் படகு, நாவி ரிவர், கிளிமஞ்சாரோ சஃபாரி, டாய் ஸ்டோரி மேனியா.

அவன் ஏற முடியாத ரைடுக்கு ரைடர் ஸ்விட்ச் கேளுங்க. எல்லாரும் வாசலுக்குப் போய், "ரைடர் ஸ்விட்ச் வேணும்"னு ஊழியர்கிட்ட சொல்லணும். குழந்தையும் அப்ப கூட இருக்கணும், அதுதான் முக்கியம். முதல்ல ஒருத்தர் மகளோட ஏறிட்டு வருவார். அடுத்தவர் திரும்ப முழு வரிசையில நிக்காம லைட்னிங் லேன் வழியா போகலாம், மகளையும் கூட்டிட்டுப் போகலாம். அதாவது அவளுக்கு ரெண்டு தடவை! இதுக்குக் கட்டணம் கிடையாது. 7 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளையோட ரைடுல 14 வயசு நிரம்பின ஒருத்தர் கூட உட்காரணும், அதையும் கணக்குல வைங்க.

வாசல்_கோலம்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். அத்தை "நான் ஒரு பெஞ்சுல உட்கார்ந்து சின்னவனைப் பார்த்துக்கறேன், நீங்க ஏறுங்க"ன்னு சொல்றாங்க. அப்படிச் செஞ்சா ரைடர் ஸ்விட்ச் தேவையில்லையே? அப்புறம், மாற்றுத்திறனாளிகளுக்கு வரிசை இல்லாம ஒரு பாஸ் தர்றாங்களாமே, அது அத்தைக்குக் கிடைக்குமா?

மழைக்குருவி:
அந்த பாஸ் கிடைக்காதுங்க. டாஸ்னு சொல்றது ஆட்டிசம் மாதிரி வளர்ச்சி சார்ந்த காரணத்தால நீண்ட வரிசையில நிக்க முடியாதவங்களுக்கு. முழங்கால் வலி அதுல வராது. நடக்க முடியாதவங்க சக்கர நாற்காலியோட வரிசையிலேயே வரலாம், பெரும்பாலான வரிசைகள் அதுக்கு ஏத்த அகலத்துல இருக்கு. சில ரைடுல நாற்காலியில இருந்து எழுந்து மாறி உட்காரணும், செயலியில ஒவ்வொரு ரைடுக்கும் அது போட்டிருக்கும், அத்தையோட பட்டியலை அதைப் பார்த்துப் போடுங்க.

நாற்காலி இல்லாம கூட்டிட்டுப் போகாதீங்க. ஒரு நாள்ல 10 கிலோமீட்டருக்கு மேல நடை சேர்ந்துடும். ஆனா இங்கே ஒரு சிக்கல் இருக்கு: ஒருத்தர் நாற்காலி தள்ளுவார், இன்னொருத்தர் குழந்தை வண்டி தள்ளுவார், மகள் கையைப் பிடிக்க யாருமில்லை. அத்தைக்குப் பழக்கம் வரும்னா மின்சார ஸ்கூட்டர் நல்லது, 18 வயசு ஆனவங்க ஓட்டலாம். பார்க் வாசல்ல வாடகைக்குக் கிடைக்கிறது முதல்ல வந்தவங்களுக்குத்தான், அதை பார்க்கை விட்டு வெளியே கொண்டுபோகவும் முடியாது. பஸ் நிறுத்தத்துல இருந்து வாசல் வரைக்கும் நடந்தே ஆகணும். அதனால வெளி வாடகை நிறுவனத்துல தங்குற நாள் முழுக்கவும் எடுத்துக்கிறதுதான் மேல்.

அத்தையையும் மூணு வயசு ஆகப்போற பையனையும் தனியா பெஞ்சுல விட்டுட்டு ரெண்டு பேரும் ஏறுறது வேண்டாம். அந்த வயசுப் பிள்ளை எழுந்து ஓடினா முழங்கால் வலிக்காரங்களால துரத்த முடியாது, வரிசையில நிக்கிற உங்களால வெளியேயும் வர முடியாது. ரைடர் ஸ்விட்ச்சே சரி. ஒருத்தர் எப்பவும் கீழே இருங்க.

தேர்வடம் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். வெளியே தங்கி கார்ல வர்றவங்க கவனிக்காத விஷயம்: மேஜிக் கிங்டம் கார் நிறுத்துமிடம் பார்க் பக்கத்துல இல்லை. ஏரிக்கு இந்தப் பக்கம் நிறுத்திட்டு, மோனோரெயில் இல்லைன்னா படகு பிடிச்சு அந்தப் பக்கம் போகணும். நாற்காலி, வண்டி, பிள்ளைங்களோட முக்கால் மணி நேரம் கூடுதலா ஒதுக்குங்க. டிஸ்னி ஹோட்டல் பஸ் நேரா பார்க் வாசல் பக்கத்துலயே இறக்கிவிடும்.

ஸ்கைலைனர் கேபிள் வண்டி பாதையில இருக்கிற ஹோட்டல்னா (பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன், கரீபியன் பீச், ரிவியேரா) எப்காட்டும் ஹாலிவுட் ஸ்டூடியோஸும் சுலபம். மின்னல் அடிச்சா அதை நிறுத்திடுவாங்க, அப்ப பஸ்தான்.

ஏர்போர்ட் டாக்ஸிக்கு: ஃப்ளோரிடா சட்டப்படி 5 வயசு வரைக்கும் குழந்தை இருக்கை கட்டாயம். மகனுக்கு வேணும், முன்னாடியே சொல்லி வைங்க. குழந்தை வண்டி 79 செ.மீ. அகலம், 132 செ.மீ. நீளத்துக்குள்ள இருக்கணும்; இழுத்துட்டுப் போற வேகன் வகையை வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. வண்டிக்கு மழை உறை அவசியம். ரைடு முன்னாடி விட்டுட்டுப் போற வண்டியை ஊழியர்கள் இடம் மாத்தி வரிசையா நிறுத்துவாங்க, கைப்பிடியில பளிச்னு ஒரு துணி கட்டுங்க, விட்ட இடத்துல காணோமேன்னு பதற வேண்டாம்.

மழை: ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரை புயல் காலம். பயண ரத்துக்கான காப்பீடு, புயலுக்குப் பேர் வைக்கிறதுக்கு முன்னாடி எடுத்தாத்தான் செல்லும். விமான டிக்கெட் போடுற அன்னைக்கே எடுத்துடுங்க.

தேர்வடம்:
மழைக்குருவி சொன்னது சரி, கார் நிறுத்துமிடத்தை நான் விட்டுட்டேன்.

இன்னொரு கண்ணி: அக்டோபர் முதல் வாரம் ஹாலோவீன் விருந்து காலம். விருந்து நடக்குற நாள்ல மேஜிக் கிங்டம் சாதா டிக்கெட்டுக்கு மாலை 6 மணிக்கே மூடிடும், இரவு வாணவேடிக்கை கிடையாது. ஆனா அதனாலயே பகல்ல கூட்டம் குறையும். மகன் எட்டு மணிக்குத் தூங்குறவன்னா விருந்து நாளையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். மகளுக்குக் கோட்டை மேல வாணவேடிக்கை பார்த்தே ஆகணும்னா விருந்து இல்லாத நாள். சில மாசம் முன்னாடியே தேதி வந்துடும், அதைப் பார்த்துட்டுத்தான் நாள் வரிசை.

லைட்னிங் லேன் மல்டி பாஸ்ல முன்கூட்டியே 3 ரைடு எடுக்கலாம். அனிமல் கிங்டம் தவிர மத்த மூணுலயும் ரெண்டு பட்டியல் இருக்கும், முதல் பட்டியல்ல ஒண்ணு, ரெண்டாவதுல ரெண்டு. மூணையும் காலை நேரத்துக்கே போடுங்க; ஒண்ணை முடிச்சதும் அடுத்ததை எடுக்கலாம், அப்படி ஒவ்வொண்ணா நாள் முழுக்க ஓடும். மூணும் மாலைக்கு விழுந்தா அதுவரைக்கும் புதுசா எதுவும் எடுக்க முடியாம காத்திருக்கணும். 3 வயசு ஆகாத மகனுக்கு இது தேவையில்லை.

ட்ரான், ரைஸ், ஃப்ளைட் ஆஃப் பேசேஜ் மல்டி பாஸ்ல வராது, ஒவ்வொண்ணும் தனியா காசு கட்டுற சிங்கிள் பாஸ். ஏறுறவங்களுக்கு மட்டும் வாங்குங்க. காசு கட்ட மனசில்லைன்னா ஒரு வழி: பார்க் மூடுறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வரிசையில சேர்ந்துட்டாலும் ஏத்திடுவாங்க. குழந்தைங்க தூங்கிடாம இருந்தா.

எப்காட் நாளை ஓய்வு நாளுக்கு அடுத்து வைங்க. உலக நாடுகள் பகுதி பெரும்பாலும் 11 மணிக்குத்தான் திறக்கும், அத்தை நிதானமா எழுந்து வரலாம். அனிமல் கிங்டமுக்கு நேர் எதிர், காலையிலேயே திறந்து சீக்கிரம் மூடும். திறந்தவெளி ரைடுகளை, முக்கியமா ஸ்லிங்க்கி டாக், எவரெஸ்ட், ரெண்டையும் மதியத்துக்கு வைக்காதீங்க. இடி சத்தம் கேட்டதும் நிறுத்திடுவாங்க.

வாசல்_கோலம்:
சுவர்ல இன்னைக்கே கோடு போட்டாச்சு, ஷூவோட 117. ஸ்கைலைனர் பாதையில ஹோட்டல் பார்க்க ஆரம்பிக்கிறேன், விசா நேர்காணல் தேதி வந்ததும் இங்கேயே எழுதுறேன்.