வீடு விற்கணும், ஏஜென்ட் விஷயத்தில் குழப்பம்

வணக்கம் நண்பர்களே. அப்பா கட்டின வீட்டை விற்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். மூணு ஏஜென்ட் வந்து பார்த்துட்டுப் போனாங்க. அதில் அதிக விலை சொன்னவர்தான், ஆறு மாசத்துக்கு அவர்கிட்ட மட்டும் கொடுக்கணும்னு எழுதிக் கேட்கிறார். இடையில் நாங்களே ஆள் பிடிச்சு விற்றாலும் கமிஷன் உண்டாம். அவ்வளவு விலைக்கு எப்படிப் போகும்னு கேட்டா, அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்ற ஒரு வீட்டைக்கூட அவரால் காட்ட முடியலை. கையெழுத்து வாங்கிட்டு, அப்புறம் மெல்ல மெல்ல இறங்கி வரச் சொல்வாரோன்னு சந்தேகம். இப்படி எழுதிக் கொடுத்தவங்க யாராவது இருக்கீங்களா? ஆறு மாசத்தை எவ்வளவு குறைச்சுக் கேட்கலாம்?

இன்னொண்ணு. படுக்கையறையில் ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு ஈரம் ஊறி, பெயிண்ட் உப்பி உதிருது. "மேலே ஒரு கோட் அடிச்சிடுங்க, தெரியாது"ங்கிறார் இன்னொருத்தர். எனக்கு மனசு ஒப்பலை. அடுத்த மழைக்கே பல்லை இளிச்சிடும். கசிவைச் சரி பண்ணிட்டு அடிக்கவா, இல்லை வாங்குறவர்கிட்ட சொல்லி விலையில் கழிச்சுக்கவா?

பத்திரம், வரி ரசீது எல்லாம் எடுத்து வச்சாச்சு. அப்பாவோட மர அலமாரியைக் காலி பண்ணத்தான் இன்னும் கை வரலை.