'வொறி' என்றால் கவலை மட்டுந்தானா?

கேள்வி (கொக்குவில்):
சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகளுக்கு, 'வொறி' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் கவலை என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். நேற்று அவள் வாசித்த பந்தியொன்றில், நாய் ஆடுகளை 'வொறி' செய்ததாக எழுதியிருந்தது. நாய் ஏன் ஆட்டை நினைத்துக் கவலைப்படவேண்டும் என்று கேட்கிறாள். இச்சொல்லின் மூலப்பொருளை அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

மறுமொழி 1:
பந்தியில் பிழையில்லை, அதுவே பழைய பொருளுக்கு நெருக்கமானது. பழைய ஆங்கிலத்தில் இது கழுத்தை நெரித்தலைக் குறித்த வினைச்சொல். இதற்கு உறவான ஜேர்மன் சொல் இன்றும் அப்பொருளிலேயே வழங்குகிறது. பின்னர் ஓநாயோ நாயோ இரையின் குரல்வளையைக் கவ்வி உலுப்புவதையும், அதன்பின் ஒருவரை ஓயாமல் தொந்தரவு செய்வதையும் குறித்து, ஈற்றில், வெளியிலிருந்து யாரும் நெரிக்காமலே மனம் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும் நிலைக்கு வந்து சேர்ந்தது. 'கவலைப்படு' என்ற இந்தப் பொருள் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். கால்நடைகளைப் பாதுகாக்கும் 1953ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம், நாய் கால்நடைகளைத் தாக்குவதையும் துரத்துவதையும் இச்சொல்லாலேயே குறித்தது.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்):
வரலாற்றைவிட வழக்கில்தான் எங்கள் மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள். செத்தவீட்டுக்குப் போய்வந்து "கவலையாய்க் கிடக்கு" என்கிறோம்; அங்கே கவலை என்பது நடந்து முடிந்ததற்கான துக்கம். ஆங்கிலச் சொல்லோ, இனி என்ன ஆகுமோ என்ற ஏக்கத்துக்குரியது. இதை உணராமல் அனுதாபக் கடிதத்தில் 'வொறி' என்று எழுதிய பிள்ளைகளை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். 'டோன்ற் வொறி' என்பதற்கு மிகப் பொருத்தமான தமிழ், அகராதியில் அன்றி எங்கள் வீட்டுப் பேச்சில் இருக்கிறது: "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ." யாழ்ப்பாணத்தார் யோசித்தாலே கவலைப்படுகிறார்கள் என்றுதான் பொருள்!

மறுமொழி 3:
கவலை என்ற சொல்லையும் சற்றுப் பாருங்கள். "மனக்கவலை மாற்றல் அரிது" என்ற குறளில் இன்றைய பொருளிலேயே வந்தாலும், சங்கப் பாடல்களில் பாலைநிலத்துப் பாதை பலவாகக் கிளைக்கும் இடத்துக்கும் கவலை என்றே பெயர். இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்று நான் வாதிடவரவில்லை. எவ்வழி போவதென்று தெரியாமல் சந்தியில் நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டைக் கேட்டால் அதுவும் கவலைதான் என்று சொல்லும் என்கிறாள்.