யாரும் அதிகம் பேசாத அந்தக் கால கார்ட்டூன் ஏன் இப்படி இழுக்குது?

ரீல்பித்து:
மிக்கி மவுஸுக்கும் முன்னாடி வந்த கார்ட்டூன்களைத்தான் ஒரு மாசமா ராத்திரி உக்காந்து பாத்துட்டு இருக்கேன். அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே 1914ல பண்ண 'டைனோசர் ஜெர்ட்டி' படத்துல ஒரு இடம், அவர் திட்டினதும் அது குழந்தை மாதிரி அழும், பின்னாடி இருக்கற மலை, கல்லு எல்லாம் லேசா நடுங்கிட்டே இருக்கும். கதைன்னு பெருசா ஒண்ணுமில்ல, ஆனா கண்ணை எடுக்க முடியல. இப்ப வர்ற பளிச்சுனு இருக்கற அனிமேஷன்ல இந்த ஈர்ப்பு எனக்கு வரவே மாட்டேங்குது, ஏன்? இதே மாதிரி வேற என்ன பாக்கலாம்?

மைக்கூடு:
நடுக்கத்துக்குக் காரணம் இருக்குங்க. பின்னணியை ஒரே தடவை வரைஞ்சு மேல கண்ணாடி மாதிரி ஷீட் வச்சு ஆளை மட்டும் மாத்தற செல் முறை அப்ப இன்னும் புழக்கத்துக்கு வரல. அதனால ஆயிரக்கணக்கான தாள்லயும் அதே மலையை, அதே கல்லை ஒரு உதவியாளர் திரும்பத் திரும்ப டிரேஸ் பண்ணினார், ஒரே கோட்டை ரெண்டு தடவை அச்சு அசலா எந்தக் கையாலயும் போட முடியாதில்ல, அதான் அசையுது. நீங்க பாக்கறது ஒரு மனுஷனோட கையைத்தான்.

கோட்டோவியம்:
நடுக்கம் மட்டும்னு எனக்குத் தோணல. இப்படித்தான் பண்ணணும்னு அப்ப யாரும் சொல்லி வைக்கல, அதான் விஷயம். பிரெஞ்சு ஓவியர் எமீல் கோல் 1908ல பண்ண ஃபான்டாஸ்மகோரி கார்ட்டூன் ரெண்டு நிமிஷம்கூட இல்ல, கையால வரைஞ்ச சுமார் 700 ஓவியம். வெள்ளைத் தாள்ல கறுப்பு மைல வரைஞ்சு நெகட்டிவா மாத்தினதால கரும்பலகைல சாக்பீஸ் ஓடற மாதிரி இருக்கும், பாட்டில் பூவாயிடும், அது ஏன்னு கேக்கறதுக்குள்ள வேற ஒண்ணு வந்துடும். அப்புறம் மெக்கேயோட கொசு படம், 1912, தூங்கறவனைக் குத்தறதுக்கு முன்னாடி அந்தக் கொசு மூக்கை சாணைக்கல்லுல தீட்டும் பாருங்க! ஃப்ளைஷர் சகோதரர்களோட 1930 படம் 'ஸ்விங் யூ சின்னர்ஸ்' கட்டாயம் பாருங்க, இடுகாட்டுல கல்லறையெல்லாம் உயிர் வந்து பாடும்.

பழையபெட்டி:
ஒரு விஷயம், மங்கலா அப்லோட் பண்ணினதைப் பாக்காதீங்க, கோடு கரைஞ்சு போயிடும். ரெஸ்டோர் பண்ண பிரின்ட்டா தேடுங்க. மௌனப் படத்தை வேகமா ஓட்டிப் போட்டிருந்தாலும் அசைவோட எடையே தெரியாது.

ரீல்பித்து:
கொசுவை இப்பத்தான் பாத்தேன். ரத்தம் குடிச்சுக் குடிச்சு வயிறு பலூன் மாதிரி ஊதறப்ப அது தள்ளாடற தள்ளாட்டம் இருக்கே, மூணு தடவை திருப்பிப் போட்டுப் பாத்துட்டேன். அடுத்து அந்தக் கல்லறைப் படம்தான்.