கொலைட்டிஸுக்கு ஸ்டீராய்டு எடுத்தவங்க கொஞ்சம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல்ல வீக்கமும் புண்ணும் வர்ற நோய்), மோஷன்ல ரத்தம் நிக்கலன்னு டாக்டர் பிரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரை 40 மி.கி. ஆரம்பிச்சு வாராவாரம் 5 மி.கி. குறைக்கச் சொல்லியிருக்கார். ரத்தம் நின்னுடுச்சு, அதுல குறையே இல்ல. ஆனா முகம் உப்பிப்போய் ஆதார் போட்டோவுல இருக்குறது வேற யாரோன்னு ஆயிடுச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து சோத்துப் பானைய உருட்டுறார், சுகர் வேற ஏறுது, சாதாரணமா கேட்டாலே எரிஞ்சு விழுறார் (மாத்திரை பண்ற வேலைன்னு தெரியும், இருந்தாலும் கடுப்பாகுதுல்ல). திடீர்னு நிறுத்தவும் கூடாதாம், உடம்பு தானா கார்டிசோல் (இயற்கையான ஸ்டீராய்டு ஹார்மோன்) சுரக்க டைம் எடுக்கும்னாங்க.

செலவுன்னு பாத்தா ஸ்டீராய்டு சல்லிசுதான், கூட வர்ற மெசலமைன் (குடல் வீக்கத்தைக் குறைக்குற மாத்திரை), கால்சியம், விட்டமின் டி, அப்புறம் பிளட் டெஸ்ட், குடல் வீக்கம் இருக்கான்னு மலத்துல பாக்குற கால்புரோடெக்டின் டெஸ்ட், இதுங்கதான் பர்ஸைக் காலி பண்ணுது. மக்கள் மருந்தகத்துல மெசலமைன் வாங்குறவங்க யாராவது இருக்கீங்களா, பிராண்டு மாத்தினப்போ ஒத்துக்கிச்சா? பியூடெசோனைடுங்கற இன்னொரு ஸ்டீராய்டுக்கு மாறினவங்களுக்கு முக வீக்கம் வடிஞ்சுதா? ராத்திரிப் பசிக்கு சுகர் ஏறாம என்ன குடுத்தீங்க, சுண்டல் குடுத்தா வயிறு உப்புசம்ங்கறார். டோஸ் பத்தி மட்டும் சொல்லாதீங்க, அத டாக்டர் பாத்துப்பார்.