'ராம்பிள் ஆன்' பேஸ்: 2014 ரீமாஸ்டரா, ஆர்.எல். தகடா?

நாலுகம்பி:
லெட் செப்பெலின் ராக் குழுவின் ரீமாஸ்டர் இழையில் தகட்டுப்பித்தன் எழுதியது இது: "இரண்டாம் ஆல்பத்தின் 2014 பதிப்பில் 'ராம்பிள் ஆன்' கோரஸ் வந்ததும் பேஸைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஜான் பால் ஜோன்ஸ் வாசித்த பேஸ் 1969-இன் ஆர்.எல். தகட்டில் மட்டும்தான் இருக்கிறது."

(ஆர்.எல். என்பது பாப் லட்விக் முதலில் வெட்டிய தகடு; பேஸ் என்பது அடிச்சுரங்களை வாசிக்கும் கிதார்.) படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. யார் தள்ளினார்கள், எப்படித் தள்ளினார்கள்? சரணத்தில் அகூஸ்டிக் கிதார், டிரம்ஸ்காரர் போன்ஹாமின் மெல்லிய தட்டல், பிளாண்டின் குரல், அவ்வளவுதான். கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) கிடையாது. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அடி ஒலிகளுக்கு இருக்கும் இடம் மொத்தமும் ஜோன்ஸுக்கே சொந்தம், அதனால்தான் மேல் ஃபிரெட்டுகளுக்கு ஏறி அவ்வளவு சாவகாசமாகப் பாடுகிறார். கோரஸில் மின்கிதாரும் முழு டிரம்ஸும் இறங்கும். கிக் 60-80 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும். கல்யாண மண்டபத்தில் மேளம் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அதற்காக அவர் குரலைத் தாழ்த்திவிட்டார் என்று யாராவது சொல்வார்களா?

தகட்டுப்பித்தன்:
வாருங்கள் பேராசிரியரே. நான் சொன்னது ஒரே விஷயம்: ஆர்.எல். மிக்ஸில் கோரஸிலும் பேஸ் நிற்கிறது, 2014-இல் நிற்கவில்லை. அதற்குப் பதில் இல்லை, மேளம்தான் வருகிறது.

வரலாறு தெரியாதவர்களுக்காக: ஸ்டெர்லிங் சவுண்ட் ஸ்டூடியோவில் இந்த ஆல்பத்தை முதலில் தகடாக வெட்டியவர் பாப் (ராபர்ட்) லட்விக், ஆர்.எல். என்பது அவர் பெயர்தான். டேப்பில் இருந்த முழு பலத்தையும் குரூவில், அதாவது ஊசி ஓடும் பள்ளத்தில், இறக்கினார். அட்லாண்டிக் கம்பெனித் தலைவர் அஹ்மத் எர்டெகுனின் மகளுடைய மலிவு பிளேயரில் ஊசி துள்ளியது. உடனே தகட்டில் கோளாறு என்று முடிவுகட்டி, பேஸைக் குறைத்து மறுபடி வெட்ட வைத்தார்கள். லட்விக்கே பேட்டிகளில் சொன்ன கதை இது. லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் இரண்டு பக்கமும் ஆர்.எல்., எஸ்.எஸ். என்று கீறியிருந்தால்தான் அது அசல். மற்றதெல்லாம் பேஸைப் பறிகொடுத்த தகடுகள்.

நாலுகம்பி:
அந்தக் கதையை யாரும் மறுக்கவில்லை. அது உங்களுக்கே எதிராகத்தான் பேசுகிறது. குறைத்தது மறுவெட்டில். 2014 பதிப்பு அந்த மறுவெட்டுத் தகட்டிலிருந்து எடுத்ததல்ல. குழுவின் கிதார்காரர் ஜிம்மி பேஜ் மேற்பார்வையில் மாஸ்டரிங் பொறியாளர் ஜான் டேவிஸ் மாஸ்டர் டேப்பிலிருந்து செய்தது. 1969-இல் வெட்டும் மேஜையில் பறிபோனது 2014-இல் எப்படிப் பறிபோகும்?

இன்னொன்று. மாஸ்டர் டேப் என்பது கிதார், பேஸ், டிரம்ஸ், குரல் எல்லாம் ஏற்கெனவே கலந்த இரண்டு டிராக். 80 ஹெர்ட்ஸை 2 டெசிபல் இறக்கினால் ஜோன்ஸோடு கிக்கும் சேர்ந்து இறங்கும். அதுவும் கோரஸில் மட்டுமல்ல, சரணத்திலும்தான். கோரஸில் மட்டும், பேஸை மட்டும் தள்ள அந்த மேஜையில் குமிழே கிடையாது.

ஓரக்குறிப்பு:
நண்பர்களே, சண்டைக்கு முன்னால் மூன்றைப் பிரித்து வைத்துக்கொள்வோமா? மல்டிடிராக்கை (கருவிகளைத் தனித்தனியாகப் பதிந்த டேப்பை) திறந்து ஒவ்வொரு கருவியின் அளவையும் மாற்றுவது ரீமிக்ஸ். கலந்து முடிந்த டேப்பின் மொத்த ஒலியைச் சீர்செய்வது ரீமாஸ்டர். அதைத் தகட்டில் இறக்கும்போது செய்வது வெட்டு. ஆர்.எல். என்பது மிக்ஸே அல்ல. பொறியாளர் எடி கிரேமர் பேஜுடன் சேர்ந்து முடித்த அதே மிக்ஸின் பலமான வெட்டு. ஆர்.எல். மிக்ஸ் என்று எழுதுவதால்தான் குழப்பம்.

தகட்டுப்பித்தன்:
பெயர் எதுவானால் என்ன? ஆர்.எல். மிக்ஸில் கோரஸில் பேஸ் நிற்கிறது.

கருப்புப்பூனை:
அண்ணே, போன்ல கேட்டா ரெண்டுலயும் பேஸே இல்லையே. அப்புறம் ஒரு சந்தேகம். 'ராம்பிள் ஆன்' ரெண்டாம் பக்கத்துல இருக்கு. உள்பக்கம் போகப் போக பேஸ் செத்துடும்னு சொல்றாங்க. அப்ப தகட்டுலதானே கம்மியா இருக்கணும்?

நாலுகம்பி:
தம்பி, உள் குரூவில் சாவது பேஸ் இல்லை, மேல் அதிர்வெண்கள். தகடு ஒரே வேகத்தில் சுற்றினாலும் உள்ளே போகப் போக ஒரு சுற்றின் நீளம் குறைகிறது. அதனால் நெருக்கமான அலைகள் இன்னும் நெருங்கி ஊசி முனைக்குள் அடங்காமல் போகின்றன. சிம்பல், 'ஸ்' ஒலிகள்தான் முதலில் கரகரக்கும். பேஸ் அலை நீளமானது, அதற்கு ஒன்றும் ஆகாது. மேலும் 'ராம்பிள் ஆன்' அந்தப் பக்கத்து ஐந்து பாட்டில் மூன்றாவது. கடைசி இடம் 'பிரிங் இட் ஆன் ஹோம்' பாட்டுக்கு.

போனில் கேட்காததற்குக் காரணம் வேறு. திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஏ கம்பி 55. போன் ஸ்பீக்கரால் இரண்டையுமே தர முடியாது. 82, 123, 164 என்று மேலே போகும் மடங்குகளில் அதற்கு எட்டுவதை மட்டும் தரும். அடிச்சுரத்தைக் காது தானாக ஊகித்துக்கொள்ளும். ஜோன்ஸ் வாசிப்பது ஃபெண்டர் ஜாஸ் பேஸ். அதில் விரல் கம்பியைத் தொடும் சத்தம் 700 ஹெர்ட்ஸிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் வரை கிடக்கும். போனில் அவரைப் பின்தொடர வேண்டுமானால் அந்தத் தொடுகையைப் பிடித்துக்கொள்.

தகட்டுப்பித்தன்:
போனில் கேட்பவர்களுக்கு வகுப்பெடுக்க நேரம் இருக்கிறது. ஆர்.எல். கோரஸில் பேஸ் ஏன் நிற்கிறது என்பதற்கு மட்டும் பதில் இல்லை. யெஸ் குழுவின் 'ஃப்ராஜைல்' ஆல்பம் பற்றிய இழையிலும் இதே கதைதான். அதில் பேஸ் வாசித்த கிறிஸ் ஸ்குவயர் விரலால் வாசித்தார் என்று சாதித்துவிட்டு நடுவில் காணாமல் போனவர்தானே நீங்கள்?

நாலுகம்பி:
விரலால் வாசித்தார் என்று எங்கே எழுதினேன்? பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) அடிக்கும்போதே கட்டைவிரலின் ஓரமும் கம்பியைத் தொடும், அந்த ரிக்கன்பேக்கர் பேஸ் சத்தத்தின் கடிப்பும் கனமும் சேர்ந்து வருவது அதனால்தான் என்று எழுதினேன். அதைப் பாதியாக வெட்டி மேற்கோள் காட்டியது நீங்கள். பழைய இழையைத் தோண்டுவதானால் முழுதாகத் தோண்டுங்கள்.

பழையவானொலி:
ரீமாஸ்டர் செய்தால் பேஸ் மாறும் என்பவர்களும் மாறாது என்பவர்களும் மெட்டாலிகாவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தைப் போட்டுக் கேளுங்கள். 1988-இல் ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸ் கேட்கவே இல்லை. 2018-இல் ரீமாஸ்டர் வந்தது, அப்போதும் கேட்கவில்லை. மிக்ஸில் இல்லாததை மாஸ்டரிங் கொண்டுவராது. மல்டிடிராக்கைத் தொட்டால் மட்டுமே வரும்.

தகட்டுப்பித்தன்:
கிளாசிக் ராக் பேசும் இடத்தில் மெட்டாலிகா எதற்கு?

பழையவானொலி:
உங்கள் வாதத்தை உடைக்கிறது, அதற்குத்தான். 1988 ஆல்பத்தை இன்னும் புதுசு என்று நினைக்கிறீர்களோ?

கருப்புப்பூனை:
சரி, சரணத்துல அந்த டொக்டொக் சத்தம் என்னது? கிதார் பெட்டியா, குப்பைத்தொட்டியா?

பழையவானொலி:
கிதார் பெட்டி.

ஓரக்குறிப்பு:
பயிற்சிப் பலகை என்றும் எழுதியிருக்கிறார்கள். உறுதியாக எதையும் சொல்ல வழியில்லை.

பழையவானொலி:
கிதார் பெட்டி. சத்தத்திலேயே தெரிகிறது, உள்ளே காற்று இருக்கிறது.

நாலுகம்பி:
எதுவானாலும் என் வாதத்துக்கு வசதிதான்: அதில் அடி அதிர்வெண் இல்லை. அதனால்தான் சரணத்தில் ஜோன்ஸ் தனியாகத் தெரிகிறார்.

இப்போது தகட்டுப்பித்தனின் "நிற்கிறது"க்கு வருகிறேன். மூன்று காரணம் இருக்கலாம், மூன்றையும் வீட்டிலேயே சோதிக்கலாம்.

முதலாவது, சத்த அளவு. ஒன்று மற்றதைவிட 1 டெசிபல் ஏறியிருந்தாலே அதில்தான் பேஸ் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். ஆர்.எல். பலமாக வெட்டியது என்று நீங்களே பெருமைப்படுகிறீர்கள், அப்படியானால் வால்யூமைத் தொடாமல் மாற்றி மாற்றிக் கேட்பதில் அர்த்தமில்லை. தகட்டைக் கணினியில் பதிந்து, 2014 கோப்பையும் பக்கத்தில் வையுங்கள். மொத்தச் சத்த அளவைச் சொல்லும் எல்.யு.எஃப்.எஸ். எண்ணை மட்டும் பார்த்துச் சமன் செய்யாதீர்கள். அந்தக் கணக்கு மிகத் தாழ்ந்த ஒலியைக் குறைத்தே எடை போடும். 300 ஹெர்ட்ஸ் முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது பிளாண்டின் குரல் இருக்கும் பகுதியை இரண்டிலும் சமமாக்குங்கள். பிறகு 40-120 ஹெர்ட்ஸ் எவ்வளவு வேறுபடுகிறது என்று பாருங்கள். சரணத்தில் ஒருமுறை, கோரஸில் ஒருமுறை. இரண்டிலும் வேறுபாடு ஒரே அளவாக இருந்தால் யாரும் ஜோன்ஸைத் தள்ளவில்லை, ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைத்த அளவு) மட்டும்தான் வேறு. ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டிப் பூஜ்யம் வருகிறதா என்று பார்க்கும் குறுக்குவழி இங்கே உதவாது. சுற்றும் வேகம் மயிரிழை மாறினாலே இரண்டும் பொருந்தாது.

இரண்டாவது, ஸ்பீக்கர் அதிர்வு தகட்டுக்குத் திரும்புவது. தகட்டைச் சுற்றவிடாமல் ஊசியை அதன்மேல் வைத்து, வால்யூமை வழக்கமான இடத்துக்கு மெதுவாக ஏற்றி, அலமாரியை விரல் முட்டியால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் தொம்மென்று கேட்டால், பாட்டில் நீங்கள் ரசிக்கும் கனத்தில் ஒரு பங்கு அலமாரியுடையது. கோரஸில்தான் ஸ்பீக்கர் அதிகம் அதிரும், அப்போதுதான் இதுவும் அதிகமாகும். கோரஸில் மட்டும் பேஸ் "நிற்பது" போல் தோன்ற இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, அறை. சுவருக்குச் சுவர் 10 அடி என்றால் அறை தானாக ஒலியை வீங்கச் செய்யும் முதல் ஒத்ததிர்வு ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸில் வரும். ஏ கம்பி 55. பாட்டோ ஈ-க்கும் ஏ-க்கும் நடுவில்தான் போய்வருகிறது. 14 அடி என்றால் 40-இல் வரும், அப்போது ஈ வீங்கும்.

தகட்டுப்பித்தன்:
ஒரே அறையில்தான் இரண்டையும் கேட்கிறேன். அறை 2014-க்கு மட்டும் பேஸைக் குறைக்குமா? நீங்களே எழுதிய மூன்றாவது காரணம் அத்தோடு விழுந்தது.

அலமாரி கருங்கல் பலகை, சுவரில் பதித்தது. இரண்டாவதும் விழுந்தது. மிச்சம் சத்த அளவு. இசை கேட்க ஆர்.எல். தகட்டுக்கு 300 முதல் 3 கிலோ வரை அளந்து பார்க்கச் சொல்கிறீர்கள். ஆர்.எல். மிக்ஸில் கோரஸில் பேஸ் நிற்கிறது என்பது காது உள்ள எல்லோருக்கும் தெரியும்.

ஓரக்குறிப்பு:
வெட்டு. மிக்ஸ் இல்லை.

நாலுகம்பி:
அறை வாதம் அப்படியே நிற்கிறது. தகட்டுக்கு வெட்டும்போது கூட்டிய 60 ஹெர்ட்ஸ் உங்கள் அறையின் 56-ஓடு சேர்ந்து வீங்கும். கூட்டாத 2014 வீங்காது. அதே அறைதான், விளைவு வேறு. கருங்கல்லானாலும் ஒருமுறை தட்டிப் பாருங்கள், ஊசிக்குக் காற்றின் வழியாகவும் அதிர்வு வரும்.

லட்விக் செய்ததை யாரும் குறைத்துப் பேசவில்லை. பக்கத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும் தகட்டில் அவ்வளவு பலத்தை அடக்குவது சாதாரண வேலை இல்லை. பேஸ் பெரிதானால் குரூவின் அசைவு அகலமாகும். பக்கத்துக் குரூவை இடிக்காமல் இருக்க இடைவெளி விட வேண்டும், நிமிடம் குறையும். பதிக்கும்போது தகடுகளுக்கான பொது அளவான ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்குப்படி 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் குறைத்து, கேட்கும்போது திருப்பிக் கொடுப்பதே இதற்காகத்தான். அந்த வெட்டு அவருடைய கைத்திறமைக்குச் சாட்சி. ஆனால் ஜோன்ஸ் என்ன வாசித்தார் என்பதற்கு டேப்தான் சாட்சி. 'தி லெமன் சாங்' பாட்டில் அவர் பேஸ் சுரம் சுரமாக நடந்துபோகும் இடத்தை 2014-இல் கேளுங்கள். ஒவ்வொரு சுரமும் எங்கே தொடங்கி எங்கே அமுங்குகிறது என்று எண்ணலாம். ஆர்.எல். தகட்டில் ஒரு சுரத்தின் வால் அடுத்த சுரத்தின் தலையில் ஏறி நிற்கும். நீங்கள் "நிற்கிறது" என்பது அந்த வாலைத்தான்.

தகட்டுப்பித்தன்:
இப்போது 'லெமன் சாங்'. 'ராம்பிள் ஆன்' கைவிட்டுப் போனதும் அடுத்த பாட்டுக்குத் தாவுகிறார், கவனியுங்கள்.

பழையவானொலி:
லெட் செப்பெலினின் 1990 பெட்டித் தொகுப்பை ஏன் யாரும் பேசவில்லை? அதன் மாஸ்டரிங் ஜார்ஜ் மரினோ செய்தது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

நாலுகம்பி:
யாரும் கைவிடவில்லை. கோரஸ் வரும் இடத்தில் 40-120, பிளாண்டின் குரலைச் சமன் செய்த பிறகு, சரணத்துக்கும் கோரஸுக்கும் தனித்தனி எண். நான்கே எண்கள்தான். போடுங்கள், பேசலாம்.

தகட்டுப்பித்தன்:
எண் வேண்டுமானால் கால்குலேட்டரைக் கேளுங்கள். ஆர்.எல். கோரஸில் பேஸ் நிற்கிறது.

கருப்புப்பூனை:
அண்ணே, ஹெட்போன்ல ரெண்டையும் கேட்டா அறையும் கிடையாது, அலமாரியும் கிடையாதுல்ல?

நாலுகம்பி:
அறை கிடையாது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டால் அலமாரியும் கிடையாது. அதனால்தான் அவர் அதைச் செய்யமாட்டார்.

தகட்டுப்பித்தன்:
ஹெட்போனில் கேட்பதற்காக யாரும் ஆர்.எல். வாங்குவதில்லை.